நாலு மணிப் பைஜாமா

"கையை எடு செல்லம். பட்டனைக் கழட்டணும்" என்றாள் கிளெனிஸ்.

ரேவின் கையை எடுக்கவில்லை. மார்பின் குறுக்கே இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளைப் பாவாடை, வெள்ளை சாக்ஸ். புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் ஆட்டக்காரர்களின் உடுப்பு அது. காலையிலேயே அவளே இஸ்திரி போட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளே குளித்து உடுத்திக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வியாழக்கிழமை. மாலை ஆறரைக்குக் கோடைப் போட்டியின் கடைசி ஆட்டம். மரே தன் அணியில் அவளைச் சேர்த்திருந்தார்.

கிளெனிஸின் தோளில் நீல நிறப் பைஜாமா தொங்கியது. அதில் முயல் படம். ரேவினுக்கு வயது ஐம்பத்துமூன்று.

"மரே வருவாரு. நான் ஆடணும்."

"பாக்கலாம்னுதானே கண்ணு சொன்னேன். போகலாம்னு சொல்லலையே. நீ களைச்சிடுவ."

அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் கிடையாது என்று அர்த்தம். ரேவினுக்கு அது தெரியும். ஆனாலும் திங்கட்கிழமையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள். கிளெனிஸ் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, சிரித்த முகம் மாறவில்லை. பட்டன்களைக் கழற்றினாள், பாவாடையை உருவினாள், முயல் சட்டையை மாட்டிவிட்டாள். கழற்றிய வெள்ளை உடுப்பை மடித்து வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் நேரே கொண்டுபோய்த் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அழுக்கே இல்லாத துணி. ஈரத் துணியை உடுத்திக்கொண்டு யாரும் வெளியே போக முடியாதல்லவா?

மணி நாலு இருபது. ஜனவரி மாதம். உலகின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கிலில் அப்போது கோடை, சூரியன் மறைய ஒன்பதரை மணிக்கு மேலாகும். ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். இந்த வீட்டுக்குள் மட்டும் இரவு வந்துவிட்டது.

அது உதவியோடு சுதந்திரமாக வாழ்வதற்கான வீடு. வாசலில் இருக்கும் பலகையே அப்படித்தான் சொல்கிறது. அறிவு வளர்ச்சியில் குறை உள்ளவர்கள் என்று காகிதத்தில் எழுதப்பட்ட மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ரேவின், ட்ரெவர், ஐவன். ட்ரெவர் முப்பது வருடம் கம்பளிக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். ஐவனுக்குப் பேச்சு வராது, ஆனால் தெருவில் போகும் ஒவ்வொரு காரையும் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு கையசைப்பான். பகலில் வீட்டில் கிளெனிஸோடு சேர்த்து இரண்டு பணியாளர்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரே ஒருவர். ஒருவரால் மூன்று பேரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, உடை மாற்றிவிட முடியாது என்று என்றைக்கோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அதனால் ஐந்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். மூன்றரைக்குக் குளியல், நாலுக்குப் பைஜாமா, நாலரைக்கு இரவுச் சாப்பாடு. பிறகு தொலைக்காட்சி முன்னால் மூன்று நாற்காலி. பதினோரு வருடமாக இதுதான். தனக்கே தனியாகக் குளிக்கவும் உடுத்தவும் தெரியும் என்று ரேவின் சொல்லிப் பார்த்தாள். ஒழுங்கு கெட்டுவிடும் என்றார்கள்.

சொல்லும்போதே வாய் கசக்கிறது. வளர்ந்த மனிதர்களைப் பட்டப்பகலில் படுக்கை உடையில் உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பராமரிப்பு என்று பெயர். தரம் பார்க்க வருகிற அதிகாரிகள் எப்போதும் காலை பத்து மணிக்குத்தான் வருவார்கள். அப்போது மூன்று பேரும் தலை வாரி, சட்டை மாட்டி, தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு அமைதியான வீடு என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். நாலு மணிக்கு ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

தெருக்கோடியில் இருந்த பௌல்ஸ் கிளப் மட்டும் ரொம்ப யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. ரேவினின் அப்பா அந்தக் கிளப்பின் புல்தரையைப் பராமரித்தவர். ஆட்டம் இதுதான்: கனமான பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பந்து நேராகப் போகாது, ஒரு பக்கம் வளையும். எவ்வளவு வளையும் என்று அவள் கைக்குத் தெரியும், ஏழு வயதிலிருந்தே தெரியும். சனிக்கிழமை மதியம் மட்டும் வீட்டு வேன் அவளைக் கொண்டுவந்து இறக்கும். மூன்று அடித்ததும் வேன் ஹாரன் கேட்கும். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் ரேவின் போய்விடுவாள். மிச்சப் பந்துகளை மரே உருட்டுவார். ஏன் இப்படி என்று ஆரம்பத்தில் யாரோ கேட்டபோது, பாவம், சீக்கிரம் களைச்சிடுவா என்று கிளெனிஸ் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அத்தோடு சரி. களைத்தவள் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டா போவாள் என்று பதினோரு வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம் மரேயும் அவர் மனைவி நோலீனும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களோடு ஆடிய கொலின் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ரேவினைத் தவிர வேறு ஆள் இல்லை. மரே திங்கட்கிழமை வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். கிளெனிஸ் பாக்கலாம் என்றாள். ரேவின், டனீடனில் இருக்கும் தன் தங்கை ஹெதருக்குப் போன் போட்டாள். ஹெதர் அழாத குறையாகக் கெஞ்சினாள். அவங்களைப் பகைச்சுக்காதே ரே, இந்த இடம் போனா வேற இடம் கிடைக்காது என்றாள். ஹெதர் கெட்டவள் இல்லை, பயந்தவள்.

ஐந்து மணிக்கு கிளெனிஸ் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அடுத்து வந்த டேல் என்ற பையன் மூன்று நாற்காலிகளையும் எண்ணிப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனுக்கு வேலை மிச்சமில்லை. எல்லாமே முடித்து ஒப்படைக்கப்பட்டிருந்தது.

ரேவின் எழுந்து துணி இயந்திரத்தைத் திறந்து பார்த்தாள். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதை வெளியே எடுத்துப் பிழிந்தாள், உதறினாள், மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பவும் உள்ளே போட்டுவிட்டாள். அறைக்குப் போய்த் தட்டையான வெள்ளை ஷூவை மாட்டினாள். அப்பாவின் பந்துகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு காரிலிருந்து எவனோ சீட்டி அடித்தான். அவள் நடைபாதையின் நடுவிலேயே நடந்தாள்.

கிளப்பில் ஐம்பது பேராவது இருந்தார்கள், எல்லாரும் வெள்ளையில். மேசையில் சீஸ் ரோல் தட்டுகள் சூடாக வந்துகொண்டிருந்தன. ரேவின் கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் பேச்சு அப்படியே நின்றது. கிளப்பின் தலைவர் அதோல், பழுப்பு சாக்ஸ் போட்டு வந்த ஒரு விருந்தாளியைத் திருப்பி அனுப்பியவர். அவர் முயல்களைப் பார்த்தார்.

மரேதான் வேகமாக எதிரே வந்தார். "என்ன ரேவின், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் பைஜாமாவுல வந்திருக்க?"

"நாலு மணிக்கு மாட்டிடுவாங்க. தினமும். ட்ரெவருக்கு, ஐவனுக்கு, எல்லாருக்கும்."

"நாலு மணிக்கா? தூங்கவா?"

"இல்ல. அஞ்சு மணிக்கு அவங்க வீட்டுக்குப் போகணும்."

அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். நோலீன் தரையைப் பார்த்தாள். சனிக்கிழமைகளில் கேட்ட ஹாரன் சத்தம் அங்கே நின்றவர்கள் பலருக்கு அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அதோல் உள்ளே போய் அலமாரியிலிருந்து யாருடையதோ ஒரு வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நல்ல எண்ணத்தோடுதான் நீட்டினார்.

ரேவின் அதை வாங்கவில்லை. "வேணாம். எல்லாரும் பாக்கட்டும்."

அதோல் கோட்டை மடித்துத் தன் கையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு, ஆட்டத்தை ஆரம்பிக்கலாம் என்றார்.

நன்றாகத்தான் ஆடினாள். அவள் உருட்டிய பந்துகள் வளைந்து வளைந்து போய், வெள்ளைப் பந்தை உரசிக்கொண்டு நின்றன. நோலீன் போட்டோ எடுத்தாள். ஆட்டம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது கிளெனிஸின் கார் வந்து நின்றது. டேல் போன் செய்திருக்கிறான். அவள் புல்தரை ஓரம்வரை வந்து, குழந்தையைக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"வா செல்லம், வீட்டுக்குப் போகலாம். ரொம்பக் களைச்சுப் போயிருப்ப."

ரேவின் கையில் பந்தோடு திரும்பினாள். "நான் களைக்கல. களைச்சது நீங்க. போய்ப் படுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கிளெனிஸ் சுற்றிலும் பார்த்தாள். வழக்கமாகத் தலையாட்டும் முகங்களில் ஒன்றுகூட ஆடவில்லை. ஆட்டம் முடியும்வரை அவள் நிற்க வேண்டியதாயிற்று. கடைசிப் பந்தை மரே கோட்டைவிட்டார், ஒரு புள்ளியில் தோற்றார்கள். நீங்க சரியா வளைக்கல என்று ரேவின் அவரைத் திட்டினாள். இரண்டு சீஸ் ரோல் சாப்பிட்டாள். அப்போதும் வெயில் இருந்தது.

இனி எல்லாம் மாறியிருக்கும் என்று நினைப்பவர்கள், இந்த மாதிரி நிறுவனங்களை அறியாதவர்கள். மறுநாள் முன்கதவில் ஒரு மணி பொருத்தினார்கள், யார் திறந்தாலும் அடிக்கும். வீட்டை நடத்தும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மரே போய்க் கேட்டார். கவலைப்பட்டதற்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள். நோலீன் எடுத்த போட்டோ கிளப்பின் இணையப் பக்கத்தில் வந்திருந்தது. நிறுவனம் அதை எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியது. ரேவின் பந்தைப் பார்த்துச் சிரிக்கிற முகம், பின்னால் பச்சைப் புல். கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். ஒரு முயல்கூட இல்லை. கீழே எழுதியிருந்தது: 'தன் விருப்பப்படி ஒரு வாழ்க்கை.'

இவர்களுக்குக் கூச்சம் என்று ஒன்று இருந்திருந்தால், அந்த ஆணியை அடிக்கும்போதாவது சுத்தியலைக் கீழே வைத்திருப்பார்கள். வைக்கவில்லை. அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு வந்த அதிகாரி அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கண் கலங்கினாராம்.

அதே வாரம் வியாழக்கிழமை ஹெதர் போன் செய்தாள். அவள் குரலில் சந்தோஷம். "அவங்க அனுப்பின போட்டோ பாத்தேன் ரே. உன்னை எவ்வளவு நல்லா பாத்துக்கறாங்க."

"கழுத்துக்குக் கீழ காணோம்" என்றாள் ரேவின்.

"என்ன சொல்ற?"

"நீ நாலு மணிக்கு வந்து பாரு."

ரேவின் போனை வைத்துவிட்டாள்.

மணி நாலு. கிளெனிஸ் பைஜாமாவோடு வந்தாள். இந்த முறை ரேவின் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. தானே வாங்கி, தானே மாட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டாள். கிளெனிஸுக்கு ஆறுதலாக இருந்தது. பாத்தியா, எவ்வளவு சுலபம் என்றாள்.

ரேவின் சாப்பாட்டு மேசையிலிருந்த ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்கதவைத் திறந்தாள். மணி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வாசல் புல்லைத் தாண்டி, நடைபாதை ஓரத்தில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ட்ரெவர் தன் நாற்காலியோடு வந்தான். கோடு போட்ட பைஜாமா. பின்னாலேயே ஐவன், பாதி சாப்பிட்ட தட்டோடு வந்து புல்லிலேயே உட்கார்ந்தான்.

வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரம். ஒரு கார் வேகம் குறைந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஐவன் ஒவ்வொன்றுக்கும் கையசைத்தான். எதிர்வீட்டுக்காரி கையிலிருந்த ஹோஸை அப்படியே கீழே விட்டாள். கிளெனிஸ் வெளியே ஓடி வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாததை அந்தத் தெரு முதல்முறையாகப் பார்த்தது.

"உள்ள வாங்க மூணு பேரும். இந்தக் கோலத்துல உக்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்" என்றாள் ரேவின்.

கிளெனிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் வீட்டுக்குப் போக இன்னும் அரைமணி இருந்தது. சூரியன் மறைய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.