தாமதப் பதிவேட்டில் ஒரு பெயர்

முத்தாலம்மாள் என்ற பெயரை வைத்துக்கொண்டு துணைவேந்தர் நாற்காலி வரைக்கும் வர முடியுமா என்று கேட்டால், வந்து உட்கார்ந்திருக்கிறாரே, கண் தெரியவில்லையா என்றுதான் பதில் சொல்ல வேண்டும். பி.ஏ. படிக்கும்போதே ஒரு பேராசிரியர் பெயரைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றிக்கொள்ளச் சொன்னார். முடியாது என்றுவிட்டார். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்த பெண். பிடித்தால் ஒரே பிடி.

அந்தப் பிடியோடுதான் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். தண்ணீருக்காகப் பெண்கள் காத்துக்கிடக்கும் நேரத்தைப் பற்றிய ஆய்வு. ஆயிரத்து இருநூறு வீடுகள் ஏறி இறங்கி எழுதினார். ‘காத்திருப்பவளின் நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை’ என்ற அதன் முதல் வரியை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். இப்போது அறுபத்தொரு வயது. அந்த ஆய்வு புத்தகமாகி, கிழக்குத் தாம்பரத்தில், நன்னெறிப் பல்கலைக்கழகத்தில், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. பின்னால் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

போன ஜூனில் ஓர் ஆணை போட்டார். காலை எட்டு நாற்பதுக்கு கேட் மூடப்படும். பிந்தி வந்தால் அரைநாள் ஆப்சென்ட். மதியம்தான் உள்ளே வரலாம். “இது எனக்கும் சேர்த்துத்தான்” என்று மேடையில் சொன்னார். சும்மா போட்ட ஆணையல்ல. கேட்டில் இருந்த தாமதப் பதிவேட்டை மூன்று மாதம் வாங்கிப் படித்தார். காரணம் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ‘பஸ் லேட்’. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில் பஸ் எப்படி லேட்டாகும்? சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினார். வேந்தர் ஜீவானந்தத்துக்கு ரொம்ப சந்தோஷம். முத்தாலம்மாளுக்கு இன்னொரு மூன்றாண்டு பதவி என்று பேச்சு அடிபட்டது.

நவம்பரில் பதிவாளர் சத்யநாராயணன் ஒரு பட்டியலோடு வந்தார். முப்பத்தொரு பேருக்கு வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே. ஹால் டிக்கெட் கிடையாது. கையெழுத்துப் போட்டால் முப்பத்தொரு பேருக்கும் ஒரு பருவம் போச்சு. புதன்கிழமை ஒன்பது மணி ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்றார்.

படிக்காமல் எந்த அட்டவணையிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவர் தினசரி வருகைப் பட்டியலையும் கேட்டு வாங்கினார். முப்பத்தொன்றில் இருபத்தாறு பேர் பெண்கள். எல்லோருக்கும் வீடு மேடவாக்கத்தின் பின்தெருக்களில். ஆப்சென்ட் விழுந்ததெல்லாம் திங்கள், புதன், வெள்ளி. செவ்வாயும் வியாழனும் ஒருத்தியும் தவறவில்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிற சோம்பேறித்தனம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

பட்டியலில் இருந்த ஜீவிதா என்ற இரண்டாம் ஆண்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “பஸ் லேட் மேம்” என்றாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முத்தாலம்மாள் காரை மேடவாக்கம் கூட்டுரோட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டு ஜீவிதாவின் தெருவுக்குள் நடந்தார். தெரு நெடுக பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. அங்கேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது, மீதியைப் பார்க்காமல் போகக் கூடாது என்று நின்றார். வரிசையில் இருந்த கங்கம்மா என்ற பெண் மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாமா, புச்சா குடி வந்துகிறியா? கொடம் எங்க? லாரி ஒன்னுவுட்ட நாளுதான் வரும், ஏழுக்கும் வரும், எட்டுக்கும் வரும். வூட்ல ஆள் இல்லேன்னா ஒரு சொட்டு கெடைக்காது.”

லாரி ஏழு ஐம்பதுக்கு வந்தது. அம்மாக்கள் ஆறு மணிக்கே அபார்ட்மென்ட்களுக்குச் சமைக்கவும் பெருக்கவும் போய்விட, குடம் தூக்கியதெல்லாம் கல்லூரிப் பெண்கள்தான். ஜீவிதா பதினோராவது குடத்தோடு திரும்பியபோது துணைவேந்தரைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. முத்தாலம்மாளுக்கு மீதியும் புரிந்தது. தண்ணீர் லாரி என்று எழுத இந்தப் பெண்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் அவர் புள்ளிவிவரம் என்று நம்பியிருக்கிறார். ஊருக்கெல்லாம் சொன்ன வரி வீட்டு வாசலிலேயே பொய்த்துவிட்டது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். அந்தக் குதிரை தான்தான் என்று வெட்கப்பட்டார்.

எட்டு இருபத்தைந்துக்கு அந்தப் பெண்களோடே பஸ் ஏறினார். செம்பாக்கத்தில் நெரிசல். கேட்டுக்கு வந்தபோது ஒன்பது ஐந்து. காவலாளி அந்தோணிசாமி பதறிக்கொண்டு பூட்டைத் திறக்க ஓடினார்.

“தெறக்காதீங்க அந்தோணிசாமி. ஆர்டர் யாரு போட்டது?”

“நீங்கதான் மேடம்.”

“அப்ப மூடியே இருக்கட்டும்.”

பதிவாளருக்குப் போன் செய்து பட்டியலை கேட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். சத்யநாராயணன் மூச்சு வாங்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் துணைவேந்தரும் பதினொரு பெண்களும். வேந்தர் காத்திருக்கிறார், இன்றைக்குப் பதவி நீட்டிப்பும் அஜெண்டாவில் இருக்கிறது, இப்படி நடுரோட்டில் நின்றால் அது போய்விடும் என்று தணிந்த குரலில் கெஞ்சினார். அவர் நல்ல மனுஷர், பயம்தான் அதிகம்.

“போனா போகட்டும் சார். வேந்தரை இங்க வந்து பார்க்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஆர்டர்படி மதியம் உள்ள வர்றேன்.”

கம்பி வழியாகப் பட்டியலை வாங்கி, அதன் தலையிலேயே எழுதினார்: ‘ஜூன் மாத ஆணையை ரத்து செய்கிறேன். முப்பத்தொரு பேருக்கும் ஹால் டிக்கெட் வழங்கவும். தவறு என்னுடையது.’ கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரத்தாகிவிட்டதே, இப்போது திறக்கலாமா என்று அந்தோணிசாமி கேட்டார்.

“நாங்க வரும்போது ஆர்டர் இருந்துச்சே. மொதல்ல ரிஜிஸ்டரைக் குடுங்க.”

பெயர் என்ற கட்டத்தில் முத்தாலம்மாள், துணைவேந்தர் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், பேனாவை அழுத்தி, ‘தண்ணீர் லாரி’ என்று எழுதினார். பிறகு பதிவேட்டை ஜீவிதாவிடம் நீட்டினார்.

அவள் அந்த இரண்டு வார்த்தைகளையும் வெகுநேரம் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே தன் பெயரை எழுதினாள். காரணத்துக்கு நேரே, ‘மேற்படி’ என்று எழுதினாள். அடுத்தவள் வாங்கினாள், அதற்கடுத்தவள் வாங்கினாள்.

மரத்தடிப் பாதையில் வேந்தர் ஜீவானந்தம் கோபமாக நடந்து வருவது தெரிந்தது. கடைசிப் பெண் எழுதி முடித்திருந்தாள். முத்தாலம்மாள் பதிவேட்டை அவர் படிக்கத் தோதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு மேற்படி, வரிசையாக.