நாற்பத்தைந்தாவது நிமிடம்

டிவி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டவள், விட்ட வேகத்திலேயே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால், ரவுட்டரின் சூட்டுக்கு ஒண்டிக்கிடந்த இரண்டு கரப்பான் குஞ்சுகள், விரல்கடை உயரத்துக்குத் தூசி, அந்தத் தூசியின்மேல் பிறை பிறையாக வெட்டிப்போட்ட கால் நகங்கள். மேட்ச் பார்த்துக்கொண்டே நகம் வெட்டும் மகானுபாவர் அந்த வீட்டில் ஒருவர்தான், அவளுடைய கணவர். சீ என்று வாய்விட்டே சொன்னாள். இந்தக் கண்றாவிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் டப்பாவை நம்பித்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் குமட்டியது.

அவள் வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்ப்பவள். டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு வேறு மொழி, இரண்டுக்கும் நடுவே கம்ப்யூட்டர் திரையில் இவள் முகம். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபின் பிடித்த வேலை. இரண்டு வருடமாக ஒரு சொல் குறை கேட்டதில்லை. பத்து நாளைக்கு முன்னால் கணவர் ரவுட்டருக்கு அப்டேட் போட்டார். "இத போட்டா நெட்டு சும்மா பறக்கும் பாரு" என்றார். பறந்தது இவளுடைய நிம்மதி.

அன்றைக்குச் சாயங்காலமே முதல் வெட்டு விழுந்தது. சர்க்கரைப் புண்ணோடு வந்த ஒருவரிடம், காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதை இவள் சொல்லி முடித்தாள். அதற்கு முன்னால் புது மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தபோது திரை செத்துப்போயிற்று. ஐந்து நிமிடம் கழித்து உயிர் வந்தபோது அந்த மனுஷன் தன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அன்று இரவு இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நோயாளி எதிரிலேயே இரண்டாவது தடவை வெட்டியபோது மேற்பார்வையாளர் அம்மா போன் செய்தாள். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லங்க. ஆனா பேசிட்டிருக்கும்போதே காணாம போறவங்கள நாங்க எப்படி வச்சுக்க முடியும்? இன்னும் ஒரு தரம் கட் ஆச்சுன்னா பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவோம்." இன்றைக்கு மூன்று மணிக்கு ஒரு இருதய நோயாளி. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பத்து நாளில் அவள் செய்யாத வித்தை இல்லை. அணைத்துப் போட்டாள். ஒயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து மறுபடி சொருகினாள். கூடத்திலிருந்து அறைக்குப் பதினைந்து அடி ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் நேராகச் சொருகினாள். அப்போதும் வெட்டியது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் அரை மணி நேரம் சங்கீதம், பிறகு "அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா மேடம்?" கணவரைக் கேட்டால் அதற்கும் ஒரு படி மேலே. "என் டிவி ஜம்முனு ஓடுதே? உன் கம்ப்யூட்டர்தான் ஓட்டை" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

கடைசியில் கம்பெனியிலிருந்து ரிப்பேர்காரரை வரவழைத்தாள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட, நடுவயதைத் தாண்டிய மனிதர், இரண்டேகால் மணிக்கு வந்தார். கணவருக்கு அன்று வார விடுமுறை, சோபாவில் படுத்த வாக்கில் கையை மட்டும் தூக்கி வரவேற்றார். ரிப்பேர்காரர் நகங்களைப் பார்த்தார், பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார். அவளுக்கு மானம் போயிற்று.

அரை மணி நேரம் குடைந்தும் டப்பாவில் ஒரு கோளாறும் தென்படவில்லை. அப்போதுதான் அவள் ஒரு தாளை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் வேலையை ஆரம்பித்த நேரத்தையும் வெட்டிய நேரத்தையும் அதில் குறித்து வைத்திருந்தாள். அவர் கண்ணாடியை ஏற்றி மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார், பிறகு கீழிருந்து மேலாக.

"மேடம், இது ரிப்பேரே கிடையாது. ரிப்பேர்னா இவ்ளோ ஒழுக்கமா வராது. வேலை ஆரம்பிச்சு சரியா நாப்பத்தஞ்சு நிமிஷம், அப்புறம் அஞ்சு நிமிஷம் கட். யாரோ சொல்லி வச்சுதான் இது வெட்டுது. ரவுட்டரோட பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

கணவரிடம் இருந்தது. முனகிக்கொண்டே எழுந்து வந்து சொன்னார். ரிப்பேர்காரர் தன் போனில், அந்த வீட்டு நெட்டில் சேர்ந்திருந்த சாமான்களின் பட்டியலைத் திறந்து படித்தார். "வேலைங்கிற பிரிவுல டிவி, சாரோட போன், சாரோட கேம் பெட்டி. குழந்தைங்க பிரிவுல ஒரே ஒரு கம்ப்யூட்டர்." தயங்கினார். "வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்லைங்க. அது என்னோடது" என்றாள்.

அவர் யாரையும் பார்க்காமல் விளக்கினார். "அப்டேட் முடிஞ்சதும் எதை எதுல போடணும்னு கேக்கும். குழந்தைங்கன்னு போட்டா நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்திடும். பசங்க கண்ணு கெட்டுடக் கூடாதுன்னு."

"அது பாட்டுக்கு வரிசையா கேட்டுச்சு, நான் பாட்டுக்கு அமுக்கினேன்" என்றார் கணவர். "உன்னோடது மிச்சம் இருந்துச்சு. நீ வீட்லதானே இருக்க, எதுல போட்டா என்னன்னு..."

வேண்டுமென்றே செய்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். வேலை என்றதும் அந்த மனுஷனுக்கு டிவி ஞாபகம் வந்திருக்கிறது, இவள் ஞாபகம் வரவில்லை. பத்து நாளாக இவள் தவிக்கிறாள், ஒயர் இழுக்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள். அத்தனையையும் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டிருக்கிறார்.

"மாத்துங்க. மூணு மணிக்கு எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு. கணவர் தன் போனை எடுத்து, பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி அமுக்கினார். "இங்க என்ன வேலைன்னு எழுதச் சொல்லுது." ரிப்பேர்காரர் எட்டிப் பார்த்தார். டிவிக்கு நேராகக் கணவரின் உத்தியோகமே, விற்பனை மேலாளர் என்று இருந்தது. கணவர் தலையைச் சொறிந்தார். "உன் வேலைக்கு என்ன பேரு? அதான், போன்ல பேசுறியே, அது?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ரிப்பேர்காரர் குனிந்து, ஏற்கெனவே மூடியிருந்த தன் பையை இன்னொரு தரம் மூடினார்.

"சரி சரி, நானே ஏதோ போட்டுட்டேன்" என்றார் கணவர்.

மூன்று மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு கிழவர், பக்கத்தில் அவர் மனைவி, எதிரே டாக்டர். எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எங்கே அறுப்பார்கள், எத்தனை நாள் படுக்க வேண்டும், எல்லாம் சொன்னாள். வாய் பேசினாலும் கண், திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மூன்று நாற்பத்து நான்கு. டாக்டர் ஆபத்துகளைச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று நாற்பத்தைந்து. கிழவரின் மனைவி இந்தப் பக்கம் திரும்பி, டாக்டரிடம் கேட்காமல் இவளிடமே கேட்டாள், "இவர் பொழைச்சுப்பாராம்மா?" மூன்று நாற்பத்தாறு. திரை அப்படியே இருந்தது. இவள் கேள்வியை டாக்டரிடம் கொண்டுபோனாள், பதிலைக் கொண்டுவந்தாள். பத்தில் ஒன்பது பேர் நடந்தே வீட்டுக்குப் போகிறார்களாம். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாலேகாலுக்கு முடிந்தது. மேற்பார்வையாளர் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது, பட்டியலில் பெயர் நீடிக்கிறது என்று. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். போவதற்கு முன் ரிப்பேர்காரர் அவளுடைய போனிலும் அந்தப் பட்டியலைத் திறக்க வழி செய்துவிட்டுப் போயிருந்தார். இப்போது திறந்து பார்த்தாள். அவளுடைய கம்ப்யூட்டருக்கு நேராகக் கணவர் எழுதியிருந்தார், அரட்டை.

கூடத்துக்கு வந்தாள். சோபாவில் அவர் இன்னொரு காலின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன, நெட்டு நல்லா வந்துச்சா? நான்தான் சொன்னேனே, எல்லாம் தானா சரியாயிடும்னு."

அவரைத் தாண்டிப்போய் ஜன்னலோரம் நின்று போன் போட்டாள். சங்கீதம் முடிகிற வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்கு இன்னொரு கனெக்‌ஷன் வேணும். தனி ரவுட்டர், என் அறைக்குள்ள. ஆமா, என் பேர்லதான்."

அந்தப் பக்கத்துப் பெண் விலாசம் கேட்டாள், பிறகு தொழில் கேட்டாள்.

"மருத்துவ மொழிபெயர்ப்பாளர்."

"சரியா கேக்கலைங்க, டிவி சத்தம் வருது. இன்னொரு தரம் சொல்றீங்களா?"

அவள் கணவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு டிவியின் சத்தத்தை நிறுத்தினார்.

"மருத்துவ மொழிபெயர்ப்பாளர்" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.