காலி இடம் அறுபது ஜிபி

மந்தைவெளியில் உமர் ஃபாரூக்கின் அத்தா போட்டோ ஸ்டுடியோவைத் திறந்த நாள் முதல், படியேறி வந்த யாரையும் 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. எழுபத்திரண்டு வயதிலும் உமர் அதைத்தான் குடும்ப கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது கடையை நடத்துவது மருமகள் மஹ்விஷ். வீடியோக்காரர்கள் கொண்டுவரும் கேமரா கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காலி செய்து திருப்பிக் கொடுப்பாள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க உமரே சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதித் தந்திருந்தார். முப்பது வருஷம் புரோகிராம் எழுதும் தொழிலில் இருந்தவர். இந்தக் கடையில் அந்த எண்ணைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது என்பது அவர் உத்தரவு.

அன்று நாலு மணிக்கு வீடியோ எடுக்கும் வடிவேலு வந்தான். கார்டில் முப்பது ஜிபி வளைகாப்பு. ஆறு மணிக்குத் தேனாம்பேட்டையில் ரிசப்ஷன்; இருப்பது அந்த ஒரே கார்டு.

உமர் திரையை அவன் பக்கம் திருப்பினார். காலி இடம் 60 ஜிபி.

"டீ குடிச்சிட்டு அரை மணியில வா. எங்க அத்தா கடை வாக்கு."

பத்து ஜிபி ஏறியதும் நின்றுவிட்டது.

"மாமா, டிஸ்க்குல இடமில்லைங்குது."

"அறுபது இருக்கும்மா. கண்ணுக்கு முன்னால இருக்கு."

மஹ்விஷ் ஏறிய பாதியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடியும் பத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அதே கதை. அதற்குள் வடிவேலு படியில் வந்து நின்றான்.

"இன்னா பாய், ஆச்சா?"

உமர் மறுபடி திரையைப் பார்த்தார். அறுபதில் முப்பது ஏறாதாம். "நகரு," என்று மருமகளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். எப்போதும்போல ரூட்டாக நுழைந்தார். எந்தத் தடையும் இல்லாத, எஜமானுக்கான கணக்கு அது. தன் கடை மிஷினில் தான் எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று அவர் வேறு பெயரில் நுழைந்ததே கிடையாது. பத்து தாண்டியது, இருபது தாண்டியது, முப்பதும் ஏறி முடிந்தது.

"பாத்தியா?" என்றார்.

வடிவேலு சிரித்தான். "பாய் கை வெச்சாதான் போவுது. அந்தப் பொண்ணு இன்னாத்தையோ அமுக்கிக்கினு கீது."

மஹ்விஷின் முகம் சிவந்தது. காலியான கார்டை அவனிடம் கொடுத்துவிட்டு, மாமனார் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க ரூட்டா போறீங்க மாமா. நான் கடை பேர்ல இருக்கற சாதாரண கணக்குல போறேன். ஒரு தடவையாவது கடை பேர்ல போய்ச் சோதிச்சீங்களா?"

சோதித்ததில்லை. எரிச்சலோடு புரோகிராமைத் திறந்தார். ஒரு டிஸ்க்கின் நிலவரத்தைக் கேட்டால் statvfs என்ற ஃபங்ஷன் காலி இடத்துக்கென்று இரண்டு எண்களைத் தரும். f_bfree என்றால் மொத்தக் காலி. f_bavail என்றால் சாதாரண ஆள் பயன்படுத்தக்கூடிய காலி. டிஸ்க்கில் இருபதில் ஒரு பங்கை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. அவர் எடுத்திருந்தது முதல் எண். அறுபதில் ஐம்பது ஜிபி ரூட்டான அவருக்கு மட்டுமே திறந்திருந்தது; மஹ்விஷுக்கு இருந்தது பத்துதான். அதையும் சேர்த்து அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

வாசலில் வடிவேலு வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டான். சும்மா இருந்தால் போய்விடுவான். நாளைக்கு மந்தைவெளி முழுக்க, பாய் வீட்டு மருமகளுக்கு வேலை தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிவான்.

"வடிவேலு, நில்லு."

"இன்னா பாய்?"

"அந்த எண்ணு தப்பு. எழுதினது நான். என் மருமக எதையும் தப்பா அமுக்கல."

"வுடு பாய். கார்டு வந்திச்சில்ல."

"விட முடியாது. வெளியில சொல்றதா இருந்தா என் பேரைச் சொல்லு."

வடிவேலு இஞ்சினை அணைத்தான். "சரி பாய்," என்றவன் மஹ்விஷைப் பார்த்து, "கோச்சுக்காதம்மா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

உமர் f_bfree என்ற ஒரே ஒரு சொல்லை f_bavail என்று மாற்றினார். ரூட்டிலிருந்து வெளியேறி, கடை பேரில் நுழைந்து ஓட்டிப் பார்த்தார். காலி இடம் 0 ஜிபி.

அந்த நேரம் பார்த்து இன்னொரு வீடியோக்காரன் தங்கவேல் இரண்டு கார்டுகளோடு படியேறினான். மஹ்விஷ் மாமனாரைப் பார்த்தாள். ரூட்டாகப் போனால் ஒதுக்கிவைத்த இடத்தில் இன்னும் முப்பது ஏற்றலாம் என்பது இருவருக்கும் தெரியும்.

உமர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இடம் இல்லை தங்கவேல்," என்றார். "நாளைக்குப் புது டிஸ்க் வாங்கிப் போட்டுடறோம். எத்தனை மணிக்கு வரணும்னு என் மருமககிட்ட கேட்டுக்க."