அவரை, மொச்சை உள்ளிட்ட

1.

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு வாக்கியம். அதை எழுதியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் திருப்பம் வைத்ததாகிவிடும்.

இரண்டு வருடம் முன்பு, ரத்தத்தில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக, ஆங்கிலத்தில் இருந்த ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆகாத மாத்திரைகளின் பட்டியல். கடைசியில், ஆகாத உணவென்று ஒரே ஒரு அவரை இனத்தின் பெயர், 'பீன்ஸ்' என்று முடிவது. நம் பக்கத்தில் விளையாதது. தமிழில் அதற்குப் புழக்கத்தில் பெயர் இல்லை. அகராதி 'அவரை' என்றது. 'அவரையைத் தவிர்க்கவும்' என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் மொட்டையாக நின்றது. 'அவரை, மொச்சை உள்ளிட்ட பயறு வகைகளைத் தவிர்க்கவும்' என்று மாற்றினேன். காதுக்கு நன்றாக இருந்தது.

நான் செய்தது அவ்வளவுதான்.

2.

எங்கே தொடங்குவதென்று நான்கு நாள் தடுமாறினேன்.

'ஜவ்வாது மலையில் பனி இறங்கும் மாதம், மொச்சைக் கொல்லை முழுக்க—' (அழகாக வருகிறது. அழகாக வரும் வாக்கியத்தை நான் இப்போது நம்புவதில்லை.)

'செந்தாமரை ஒரு அப்பாவிப் பெண்—' (இல்லை. பத்தாவது வரை படித்தவள். படிக்கத் தெரிந்ததால்தான் இத்தனையும்.)

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூர். செந்தாமரைக்கும் வேடியப்பனுக்கும் ஒரே மகள், அபிநயா. ஆறு வயது. ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கடையில் வாங்கிய மாத்திரையைக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் கண் மஞ்சளானது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஜீப்பில் போட்டு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் பிறவிக் குறைபாடு, அந்த மாத்திரை ஆகவில்லை என்று சொல்லி ரத்தம் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியிலேயே செந்தாமரை அதை மூன்று முறை படித்துவிட்டாள்.

"இன்னாதான் போட்டுகீது?" என்றான் வேடியப்பன்.

"அவர, மொச்ச உள்ளிட்ட பயறு வகைங்க ஆகாதாம்."

"உள்ளிட்டன்னா?"

"எல்லாத்தையும்தான் சொல்றாங்க."

(சரியாகத்தான் படித்திருக்கிறாள். அவள் தமிழில் பிழை இல்லை.)

3.

நகரத்தில் இருக்கும் உங்களுக்கு ஒரு காய் ஆகாதென்றால் இன்னொரு காய். அந்த மலையில் அப்படி இல்லை. சாமைக் கொல்லையில் ஊடே மொச்சை, வேலியில் அவரை, வறண்ட சரிவில் கொள்ளு. பிஞ்சாக இருந்தால் பொரியல், முற்றினால் குழம்பு, காய்ந்தால் பானையில் போட்டு வைத்து மழைக்காலம் வரைக்கும். சோற்றுக்கும் களிக்கும் பக்கத்தில் வருடம் முழுக்க ஏதோ ஒரு பயறு இருக்கும். 'பீன்ஸ்' என்றால் மட்டும் அது வேறு: செங்கத்துச் சந்தையிலிருந்து எப்போதாவது வரும் பச்சைக் காய். அதைப் பயறோடு யாரும் சேர்ப்பதில்லை. நான் சோம்பேறித்தனமாக 'பீன்ஸ்' என்றே விட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. இதை நினைக்காத நாள் இல்லை.

மறுநாள் காலையில் செந்தாமரை வேலியில் பூவெடுத்திருந்த அவரைக்கொடியை அடியோடு அறுத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் பச்சையம்மா ஓடிவந்தாள்.

"பூ வுட்ட கொடிய அறுப்பியா? அது இன்னா பண்ணுச்சு உன்ன?"

"பாப்பா கைக்கு எட்டுது அண்ணி."

"நாங்கல்லாம் துன்னுட்டு செத்தா பூட்டோம்?"

"உங்க ரத்தம் வேற. அவ ரத்தம் வேற."

முதலில் மகளுக்கென்று தனிச் சட்டி வைத்தாள். கரண்டி மாறிவிடுமோ என்ற பயத்தில் ஒரு வாரத்தில் வீட்டில் பயறு வேகவைப்பதையே நிறுத்திவிட்டாள். கணவனும் மனைவியும் மிளகாயைக் கிள்ளிக்கொண்டு களி தின்றார்கள். கோழி முட்டையிட்ட நாளில் அபிநயாவுக்கு முட்டை. மற்ற நாளில் சோறும் புளிரசமும். பள்ளிக்கூடத்தில் சுண்டல் போடும் நாளில் மத்தியானம் போய் வாசலில் நின்று கூட்டிவந்துவிடுவாள். காலையில் எழுந்ததும் பெயின்ட் டப்பாவின் வெள்ளை மூடியில் மகளை மூத்திரம் போகச் சொல்லி, வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் அடுப்பு பற்றவைப்பாள்.

தை பிறந்தபோது அபிநயாவின் பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. செந்தாமரை அதற்கு ஊக்கு குத்தினாள். நோயின் மிச்சம் என்று நினைத்தாள். இன்னும் கவனமாக இருந்தாள்.

4.

இந்த இடத்தை நான் முதலில் வேறு விதமாக எழுதிப் பார்த்தேன்.

'செந்தாமரை ஓடிப்போய்ப் பார்த்தபோது அபிநயாவின் கை சில்லிட்டு—' (அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை. நடக்காததை எழுதி அழவைக்க எனக்கு அருகதை இல்லை.)

நடந்தது இது. பச்சையம்மா வீட்டில் மொச்சை உரித்து, உப்புப் போட்டு வேகவைத்திருந்தார்கள். வாசலெல்லாம் அந்த வாசனை. அபிநயா பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். கொல்லையிலிருந்து வந்த செந்தாமரை அதைப் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"எத்தினி துன்ன?"

அபிநயா மென்றுகொண்டிருந்தாள். வாய் நிறைய இருந்தது.

"எத்தினிடீ துன்ன?"

"ரெண்டு கை. பசிச்சுதும்மா."

செந்தாமரை மகளின் தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். பச்சையம்மா திட்டினாள், பிறகு அவளும் பயந்துபோய் ஜீப்புக்கு ஆளனுப்பினாள். இறங்கும் வழியெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் செந்தாமரை மகளின் கண் இமையை இழுத்து மஞ்சள் தட்டுகிறதா என்று பார்த்தாள். ஒரு தடவை மஞ்சளாகத் தெரிந்தது. வெயில்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இரவு முழுக்க வைத்திருந்தும் ஒன்றுமில்லை. நர்ஸ் ரஞ்சிதம் எடை போட்டாள். ஐப்பசியில் பதினேழு கிலோ இருந்த குழந்தை இப்போது பதினாலரை.

"மொச்சை ஒண்ணும் பண்ணாதும்மா," என்றார் டாக்டர். "யார் சொன்னது உனக்கு?"

செந்தாமரை இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்து, தாளை நீட்டினாள். டாக்டர் படித்தார். அதை ரஞ்சிதத்திடம் கொடுத்தார்.

தாளின் அடியில் மொழிபெயர்த்தவர் என்று இருந்த என் பெயரைப் பிடித்து, ரஞ்சிதம் எனக்கு போன் செய்தாள். "மேடம், ஒரே ஒரு வரிதான். ஆனா அந்தம்மா மூணு மாசமா கொழந்தைய பட்டினி போட்டிருக்காங்க. அவங்கள தப்பு சொல்லவும் முடியல."

5.

மாசியில் புதுத் தாளோடு செந்தாமரையின் வீட்டுக்குப் போனேன். டாக்டரிடம் வரிக்கு வரி காட்டி எழுதியது. 'ஆகாத அவரை ஒன்றே ஒன்று. அது நம் ஊரில் விளையாது. நம் அவரை, மொச்சை, காராமணி, கொள்ளு, துவரை எல்லாம் கொடுக்கலாம்.'

செந்தாமரை இரண்டு தாளையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அபிநயா கதவுக்குப் பின்னால் நின்றாள். முழங்கை எலும்பு தெரிந்தது.

"டாக்டர் சொன்ன பெறகும் குடுக்கலியா?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னாரு. பேப்பர்ல வேற மாதிரி போட்டுகீது. எதனா ஆச்சுன்னா நான் யாரப் போய்க் கேக்கறது?" பிறகு தாள்களைக் காட்டினாள். "ரெண்டுலயும் அதே படம், அதே சீலு. எத நம்பறது, அக்கா?"

(இங்கே நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவந்ததாக ஒரு முடிவு எழுதினேன். அவள் காலில் விழுந்ததாக இன்னொன்று. இரண்டிலும் நான் நல்லவளாகத் தெரிந்தேன்.)

"மொத பேப்பரையும் நான்தான் எழுதினேன்," என்றேன். "தப்பா எழுதிட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பழைய தாளை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"தப்புன்னு தெரிஞ்சா எழுதின?"

"இல்ல."

"அப்ப இது மட்டும் தப்பில்லன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

டாக்டர் பார்த்தார் என்றேன். பழைய தாளையும் யாரோ ஒரு டாக்டர் பார்த்திருப்பார் என்பது நினைவுக்கு வந்தது.

செந்தாமரை எழுந்து பச்சையம்மா வீட்டுக்குப் போனாள். ஒரு கிண்ணத்தில் மொச்சைக் குழம்பு வாங்கிவந்தாள். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சோறு போட்டு, கரண்டியால் துழாவி ஐந்து மொச்சையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். மீதிக் கிண்ணத்தைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"இன்னிக்கு இவ்ளோதான்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அபிநயா ஒவ்வொன்றாக, தோலைக்கூட விடாமல் தின்றாள். ஐந்தும் தீர்ந்தது. தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். செந்தாமரையின் கை பின்னால் போய்க் கிண்ணத்தைத் தொட்டது. தொட்டபடியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள்.

இதற்குமேல் நான் எழுதினால் அது மூன்றாவது தாள். எழுத மாட்டேன். நீங்கள் அந்த வீட்டில், என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். குழந்தை பசியோடு இருக்கிறது. அம்மா உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்.