ஈரச்சாக்கும் வேப்பிலையும்

கீழ்த்தோட்டத்துத் தேயிலை ஆலையின் ஜன்னலில் தொங்கிய ஈரச்சாக்கை வீரம்மா பிடித்து இழுத்தாள். ஆணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மேல் வளைவில் மேல்தோட்டத்து மேனேஜர் தொரையின் மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு இறங்கியது.

“விடு அக்கா. அது எங்க ஸ்டோர் சாக்கு” என்றாள் அங்கே வேலை செய்யும் தங்கை நாகலெட்சுமி.

“சாக்கு ஒங்களது, யோசனை யாரோடதுடி? அந்தாளு பாத்தா இன்னைக்கே எங்களுக்கு வேலை போயி பத்துச்சீட்டு. லயத்து வீட்டவிட்டு எறக்கிட்டா புள்ளைகள வச்சிக்கிட்டு எங்க போவேன்?”

மாசிக் காற்றில், அரைத்து விரித்த தேயிலைக் கொழுந்து காய்ந்து கெட்டுப்போகும். மேல்தோட்டத்து ஸ்டோரில் அதற்கு வழி கண்டவன் வீரம்மாவின் புருஷன் மூக்கன். அம்மை கண்ட பிள்ளை கிடக்கும் காம்பிராவில் தொங்கவிடுவதுபோல, காற்றில் ஈரம் நிற்க ஜன்னலெல்லாம் ஈரச்சாக்கு தொங்கவிட்டான். வெறும் சாக்கு மட்டும் என்றால் அம்மனை வெறுங்கையோடு கூப்பிட்டதுபோல் ஆகிவிடுமே என்று பயந்து, மூலைக்கு மூலை வேப்பிலையும் செருகினான். இந்தக் குளிரில் வேம்பு ஏது? அட்டன் கடை அலியார் நானா மாத்தளையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்.

கொழும்பு ஏலத்தில் மேல்தோட்டத்துத் தூள் விலை ஏறியது. ‘வெளியே சொன்னவன் குடும்பத்தோடு வெளியே’ என்று காலையில் ஆளெண்ணும் பெரட்டில் தொரை சொல்லிவிட்டார்.

இப்போது வேறு கம்பெனியின் கீழ்த்தோட்டத்திலும் சாக்கு. மூடப்போவதாகப் பேச்சிருந்த ஸ்டோருக்குப் புது ஆள் எடுக்கிறார்கள். வாசலிலேயே அலியார் நானா இரண்டாவது கடை போட்டுவிட்டார். எல்லாம் நல்லதுதான். ஆனால் வேப்பிலையையும் விடாமல் செருகியிருக்கிறார்களே!

“மாமாகிட்ட கேட்டியா?” என்றாள் நாகலெட்சுமி.

“சத்தியமா சொல்லலேங்கிறாரு. ஒன் புருஷனோட கள்ளு குடிச்சா அவரு வாயி எங்க நிக்கும்?”

மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் நின்றது.

தொரை உள்ளே வந்தார். வீரம்மாவின் கையில் பாதி கிழிந்த சாக்கு. அவர் அதிலிருந்த வேப்பங்கொத்தை உருவி முகர்ந்தார்.

“மூக்கன் பொஞ்சாதி. இங்கே என்ன வேலை?”

சாக்குத் தண்ணீர் சொட்டி அவள் காலை நனைத்தது.

“மூக்கன்தான் இவங்களுக்குச் சொல்லியிருக்கான். நாளைக்கு லயம் காலி.”

நாகலெட்சுமி அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை மூலையில் தலைகுனிந்து நின்ற, கீழ்த்தோட்டத்தில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் முத்துலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“மூக்கன் இல்லீங்க தொரை.”

“பின்னே யார்? பேர் சொல்லு.”

“வேணாங்க தொரை.”

“சொல்லு. இல்லே, மூக்கன் போவான்.”

முத்துலிங்கம் வீரம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“போன மாசம் கிளப்புல விஸ்கி போட்டுட்டு, எங்க கீழ்த்தோட்டத்துத் தொரைய ஜீப்புல ஏத்திப்போயி ஒங்க ஸ்டோரைச் சுத்திக் காட்டினீங்க. பின்சீட்டுல நான் இருந்தேன். ‘இந்த எலதான் முக்கியமான மருந்து, மறந்துடாதே’ன்னு அவருக்குச் சொன்னது நீங்கதாங்க.”