விரியன் காளான்

மருத்துவமனையிலிருந்து வந்த ஜாம் பாட்டிலில் காளான் குழம்பு பாதிக்கு மேல் இருந்தது. மேலே புளித்த பாலாடை மஞ்சளாக உறைந்து கிடந்தது. டெஸ்பினா அதிலிருந்து ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துக் கழுவி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, அதன் மேல் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டாள். நுண்ணோக்கியில் வித்துகள் மெல்ல நீலம் பாரித்தன. அதில் பயப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் சாப்பிடுகிற ஹுலுபிட்சா காளானின் வித்தும் நீலம் பாரிக்கும். ஆனால் அதன் மேல் சின்னச் சின்ன மருக்கள் இருக்கும். மருக்கள் உள்ளவையும் கண்ணில் பட்டன. அவற்றுக்கு நடுவே வழுவழுவென்று சில. இன்னொரு துண்டை எடுத்தாள். அதிலும் அப்படியே. வழுவழுப்பானவை விரியன் காளானுடையவை. பச்சைக் குடையில் ஹுலுபிட்சாவுக்கும் அதற்கும் அவசரக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வயிற்றுக்குள் போனால் ஈரலைத் தின்றுவிடும்.

புக்கரெஸ்டின் தேசிய உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் காளான்களைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். இந்தப் பாட்டிலோடும் ஒரு சேதி வந்திருந்தது. சாப்பிட்டது ஒன்பது வயதுப் பெண் குழந்தை, பெயர் இலிங்கா. அப்பா டிராம் ஓட்டுநர். சனிக்கிழமை உங்கள் நிறுவனத்தில் ஒரு மேடம் கூடையைப் பார்த்து, நல்ல காளான்தான் என்று சொன்னதாக அவர் சொல்கிறார்.

அந்த மேடம் டெஸ்பினாதான். சனிக்கிழமை நிறுவனத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். தோட்டத்து மேசையில் அவள் உட்கார்ந்திருக்க, கூடைகளோடு வரிசை வாசல்வரை நின்றது. டிராம் சீருடைக் கோட்டுப் போட்ட மனிதனை நினைவிருந்தது. கூடை நிறையப் பச்சைக் குடைகள். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, தண்டின் அடியில் விஷக் காளானுக்குரிய உறை இருக்கிறதா என்று பார்த்தாள். நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிக் கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொன்றையுமா? அடியில் கிடந்தவற்றையும் எடுத்துப் பார்த்தேனா? எடுத்தேன் என்றுதான் கை சொன்னது. ஆனால் அந்த மத்தியானத்தை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கப் பார்க்க, பார்த்த காளான்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அமைச்சகக் குழு வருகிறது, நிறுவனத்தை வேறொன்றோடு சேர்த்துவிடலாமா என்று பேச்சு இருக்கிறது. முடிவை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும், கூடையை யார் பார்த்தார்கள் என்ற பேச்சே வேண்டாம், நீங்கள் அங்கே போகவும் வேண்டாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. நூற்றுச் சொச்சம் பேருடைய வேலை அவர் தலையில் இருந்தது.

டெஸ்பினா டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தாள். அந்தப் பக்கம் இளம் குரல், தூக்கம் கெட்ட குரல். நாங்களும் அதைத்தான் சந்தேகப்பட்டோம், ஆனால் இப்போது சிக்கல் வேறு என்றாள் டாக்டர். குழந்தைக்கு வாந்தி நின்றுவிட்டது. பசிக்கிறது என்கிறாள். அப்பா, சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறேன் என்று பேப்பர் கேட்கிறார். அவரைத் தடுக்கக் குழந்தைகள் நல அதிகாரியைக் கூப்பிட்டிருக்கிறோம், அதிகாரி வரச் சாயங்காலம் ஆகும்.

"விஷம் கொஞ்ச நேரம் ஓய்வு குடுக்கும்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாரு. ஆராய்ச்சிக்காரங்களே பார்த்துக் குடுத்த காளான், இது வெறும் வயித்துக் கோளாறுன்னு அதையே சொல்றாரு."

டெஸ்பினா கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

வார்டில் இலிங்கா கட்டிலில் சம்மணமிட்டு, உப்பு பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நிறம்கூடத் திரும்பியிருந்தது. அம்மா ஸ்மரண்டா பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குழம்பு வைத்த அன்றைக்கு அவள் களியும் பாலாடைக்கட்டியும் மட்டும் சாப்பிட்டிருந்தாள். அப்பா துடோரெலின் பங்கு, அவன் வேலை முடிந்து வரும்வரை குளிர்பெட்டியில் இருந்தது. அதுதான் பாட்டிலில் வந்தது. அவன் மகளின் பூட்ஸை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். டெஸ்பினாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"வாங்க மேடம். நீங்களே சொல்லுங்க இந்த டாக்டர்கிட்ட. நீங்க பார்த்தீங்கல்ல, ஒவ்வொண்ணா?"

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்பினா குழம்பில் கண்டதைச் சொன்னாள். நல்லதும் கெட்டதும் கலந்திருந்தது என்றாள். சனிக்கிழமைக்கு அப்புறம் வேறு காளான் ஏதாவது பறித்தீர்களா என்று கேட்டாள்.

"இல்ல. அதே கூடைதான்." அவன் சட்டென்று சொன்னான். ஸ்மரண்டாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "நீங்க நல்லதுன்னு சொன்ன கூடை. அப்போ இதுல எப்படி விஷம் இருக்கும்? ஒண்ணு அன்னிக்குச் சொன்னது சரி, இல்ல இன்னிக்குச் சொல்றது சரி. எதை நம்பச் சொல்றீங்க?"

கேள்வி நேராக வந்து நின்றது. நான் அன்று சரியாகத்தான் பார்த்தேன் என்று சொன்னால், அவன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். நாளைக்கோ மறுநாளோ திரும்பி வரும்போது ஈரல் மிச்சமிருக்காது. குழந்தை பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள்.

"இன்னிக்குச் சொல்றதை நம்புங்க," என்றாள் டெஸ்பினா. "அன்னிக்கு நான் சரியா பார்க்கல. அடியில இருந்ததை எடுக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

 துடோரெலின் கையிலிருந்து பூட்ஸ் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

"அத்தனை வருஷமா அங்க உக்காந்து என்னத்தப் படிச்சீங்க மேடம்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "இருக்கட்டும். செய்ய வேண்டியதச் செய்யுங்க டாக்டர்."

இலிங்காவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வந்த ரத்த முடிவில் ஈரல் எண்கள் காலையில் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தன. குழந்தையின் கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தொடங்கியது. மாற்று ஈரல் பிரிவுக்கும் சொல்லி வைத்துவிட்டதாக டாக்டர் சொன்னாள். வீட்டுக்குப் போயிருந்தால் என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்காமல் உள்ளே போனாள்.

வராந்தாவில் ஸ்மரண்டா வந்து டெஸ்பினாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"சனிக்கிழமை கூடையில முக்கால்வாசிய அன்னிக்கு ராத்திரியே தின்னுட்டோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி காட்டுக்குப் போனாரு. இப்பதான் எனக்கு அடையாளம் தெரியுமேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு கொண்டு வந்ததோட, சனிக்கிழமை மிஞ்சின பழசையும் சேர்த்து நான்தான் சமைச்சேன்." மூச்சை இழுத்துவிட்டாள். "அவருக்குத் தெரியும். தெரிஞ்சதை அவரால வாயில எடுக்க முடியல. நீங்க தப்பு என்னோடதுன்னு சொன்னப்புறம்தான் அவரு உக்காந்தாரு. பொண்ணு எந்திரிக்கிற வரைக்கும் அவரக் கேக்காதீங்க மேடம். உங்க கால்ல விழறேன்."

டெஸ்பினாவுக்கு முதலில் வந்தது சுகம். கை பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்தச் சுகம் வந்த வேகத்திலேயே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பிறகு கோபம். அதை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. கேட்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

இயக்குநர் அழைத்தார். மருத்துவமனையிலிருந்து யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டது உண்மையா என்று கேட்டார். ஒப்புக்கொண்டது உண்மை என்றாள். அதைத் திரும்ப வாங்க முடியுமா என்றார். இப்போது முடியாது என்றாள். எப்போது முடியும் என்று கேட்டார். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பார்த்தாள். அவராகவே தொலைபேசியை வைத்தார்.

மறுநாள் காலை அவள் நிறுவனத்துக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு வந்தாள். டாக்டர் அவளைக் கடந்து போகும்போது, எண்கள் ஏறவில்லை, இறங்கவும் இல்லை, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் குழாய்களுக்கு நடுவே குழந்தையின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

வராந்தா மூலையில் இருந்த காப்பி இயந்திரத்தின் முன்னால் துடோரெல் நின்றுகொண்டிருந்தான். ஸ்மரண்டா தூங்கப் போயிருந்தாள். அவன் இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்பினான். இவள் பார்ப்பதைக் கண்டதும் அந்த இடத்திலேயே நின்றான்.  பிறகு நடந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், ஒரு கோப்பையை அவளுக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனான். நிரம்பியிருந்த காப்பி விளிம்பில் தளும்பி, மெல்ல அடங்கியது. அதிலிருந்து எழுந்த ஆவி குளிர்ந்த கண்ணாடியில் ஒரு வட்டமாகப் படிந்தது.