பழுதில்லாத துப்பாக்கி

"மூணாவது டிராயர்ல இருக்குதே, அதை யார்கிட்டயாவது குடுத்துடு, மெர்ல்" என்றாள் என் மனைவி ஆர்லீன்.

"எதை? மாவு சலிக்கிற சல்லடையா?"

"விளையாடாதே. எதைன்னு உனக்குத் தெரியும்."

மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்து ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கியிருந்தாள். அதைத் தவிர அப்போது அவளுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. தலையில் தேவாலயப் பெண்கள் பின்னிக் கொடுத்த மஞ்சள் குல்லாய்.

"அந்தப் பிஸ்டல் நீ வாங்கிக் குடுத்தது. பள்ளிக்கூடக் கேன்டீன்ல தட்டு கழுவிச் சேர்த்த காசுல வாங்குனது. அதைப் போய் விக்கச் சொல்றியா?"

"விக்கச் சொல்லல. குளிர்காலம் முடியற வரைக்கும்தான். பனி உருகினதும் போய் வாங்கிக்கோ. சுரங்கத்தை மூடின வருஷம் நான் செஞ்ச மாதிரி."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கேக் டின்னுக்குள்ள வச்சு, ஒஹாயோவுல என் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ஏப்ரல்ல திரும்பக் கொண்டுவந்து வச்சேன். நீயும் கேக்கல, நானும் சொல்லல."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். இப்ப நான் போயிட்டா, எடுத்து ஒளிச்சு வைக்க ஆள் இல்ல. நீயேதான் வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட கேக்கணும். உன் பல்லைப் பிடுங்கினாக்கூட சும்மா உக்காந்திருப்பே. உதவின்னு ஒரு வார்த்தை வாயில வராது. கேப்பியா?"

"கேக்கறேன்."

"சத்தியமா?"

"கேக்கறேன்னு சொல்லிட்டேன்ல."

அவள் மார்ச்சில் போய்ச் சேர்ந்தாள்.

சுரங்கத்தை மூடிய அந்த வருடம் ஒரு மாலையில் நான் சமையலறையின் மூன்றாவது டிராயரைத் திறந்தேன். உள்ளே சல்லடையும் மெழுகுவர்த்திகளும் மட்டுமே இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஆர்லீன் கடையிலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல், என்னைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அதற்குப் பிறகு அவளோடு இருபத்திரண்டு வருடம் வாழக் கிடைத்தது.

கோடைக்காலம் எப்படியோ ஓடியது. தக்காளிச் செடிகள் இருந்தன, ரேடியோவில் பேஸ்பால் இருந்தது. நவம்பரில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்ததும் எங்கள் மலைப் பள்ளத்தில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியது. நான் சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியை மாற்றிப் போட்டேன். பழைய இடத்தில் உட்கார்ந்தால் அந்த டிராயர் நேர் எதிரே இருந்தது. மாற்றிப் போட்டதும் அது என் முதுகுக்குப் பின்னால் வந்தது. அது இன்னும் மோசம்.

மான் வேட்டைத் துப்பாக்கியைப் போன வருடமே அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். முழங்கால் வலி, இனி மலை ஏற முடியாது என்று சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். பிஸ்டலுக்கு முழங்கால் தேவைப்படுவதில்லை. அதை யாரிடம் என்ன சொல்லிக் கொடுப்பது?

சனிக்கிழமைக் காலைகளில் நாங்கள் மூன்று பேர் ஊர்த் துப்பாக்கிக் கிளப்பின் சுடுதளத்தில் கூடுவது வழக்கம். தகரக் கூரை, நீளப் பலகை, ஒரு விறகு அடுப்பு, அதன்மேல் கோர்டியின் கரிக் காப்பி. கோர்டியும் நானும் ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். வெர்னா ஊரில் முப்பது வருடம் தபால் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று இன்றும் சொல்வாள். மூன்று பேருக்கும் மூன்று துப்பாக்கி, மூன்று மதம். அவளுடையது பழைய முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வர். கோர்டியுடையது பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்பது மில்லிமீட்டர். என்னுடையது ஆர்லீன் வாங்கிக் கொடுத்த நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டல், முழுக்க இரும்பு.

"உன்னோடது துப்பாக்கியே இல்ல கோர்டி, பிக்னிக் ஸ்பூன்" என்பாள் வெர்னா. "வெயில்ல வச்சா உருகிடும்."

"பதினஞ்சு குண்டு பிடிக்கிற ஸ்பூன்! உன் ரிவால்வர்ல ஆறு போட்டு முடிச்சதும் என்ன பண்ணுவே? திருடன்கிட்ட கொஞ்சம் இருப்பா, மறுபடி போட்டுக்கறேன்னு சொல்லுவியா?"

"ஆறுல படாதவனுக்கு அறுபதுலயும் படாது. என்னோடது எப்பவாவது சிக்கியிருக்கா? சிக்கறதுக்கு உள்ள என்ன இருக்கு? இழுத்தா சுடும். ஒரு குண்டு வெடிக்கலேன்னா இன்னொரு தடவை இழுப்பேன்."

"மெர்லைப் பாரு, பணக்காரன். அம்பது தோட்டா டப்பா இருபத்தெட்டு டாலர். என்னோடது அதுல பாதி விலை. அவன் விசையை இழுக்கறப்பல்லாம் அரை டாலருக்கு மேல பறக்குது. தேவாலயத்துல காணிக்கைத் தட்டு வந்தா கால் டாலர் போடறவன்!"

"பெரிய குண்டு" என்பேன் நான். "ஒண்ணு போதும்." வருடக்கணக்காகச் சொல்லிவந்த பதில் அது. இந்த நவம்பரில் அது என் வாயில் வரவில்லை.

கேட்பதற்குப் பதிலாக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

இந்த வகை பிஸ்டலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்தினால் அதன் உதை கைக்குள்ளேயே கரைந்துபோகும், மேல்பாகம் முழுதாகப் பின்னால் போகாது. காலி உறை வெளியே தெறிக்காமல், கூரைமேல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். முதல்நாள் சுடுபவர்கள் செய்கிற தப்பு. அந்தச் சனிக்கிழமை நான் அதை வேண்டுமென்றே செய்தேன்.

"சிக்கிடுச்சு" என்றேன்.

கோர்டியின் முகம் பிறந்தநாள் பிள்ளையின் முகம் மாதிரி ஆனது. கெட்டுப்போன எதைப் பார்த்தாலும் அவனுக்கு அப்படித்தான். "ஸ்பிரிங் போயிருக்கும்" என்று டிரக்கிலிருந்து கருவிப்பெட்டியைக் கொண்டுவந்தான். நான் அவன் அதை வீட்டுக்கு எடுத்துப் போவான் என்று காத்திருந்தேன். காப்பி ஆறுவதற்குள் அவன் பலகைமேலேயே பிரித்து, புது ஸ்பிரிங் போட்டு, துடைத்து, என் கையில் வைத்துவிட்டான்.

"காசா? வாயை மூடு. திங்க ஒரு பெப்பரோனி ரோல் வாங்கிக் குடு, போதும்."

அடுத்த சனிக்கிழமையும் நட்டுக்கொண்டு நின்றது. இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"இங்க வச்சுப் பாக்காதே கோர்டி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பாரு. எனக்கு அவசரமே இல்ல. மாசக்கணக்கா வச்சுக்கிட்டாலும் சரி."

"இப்பத்தான் சரியாப் பேசறே. தோட்டா போடற மேகசின், உறையை இழுக்கிற கொக்கி, எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துடறேன்."

அவன் அதைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் தோள்கள் இறங்கின. கேட்காமலேயே வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், பார்த்தாயா ஆர்லீன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் நாற்காலியைப் பழைய இடத்தில் போட வேண்டும்.

டிரக்கில் ஏறும்போது கோர்டி பின்னால் ஓடிவந்தான். கையில் அவனுடைய ஒன்பது மில்லிமீட்டர், கூடவே இரண்டு டப்பா தோட்டா.

"இந்தா. உன்னோடது தயாராகிற வரைக்கும் இதை வச்சுக்கோ."

"வேணாம்டா. எனக்கெதுக்கு?"

"எதுக்கா? அந்த மேட்டு வீட்ல ஒத்தை ஆளா இருக்கே. உன்னை வெறுங்கையோட அனுப்பிச்சேன்னு தெரிஞ்சா ஆர்லீன் மேலேர்ந்தே என்னை செருப்பால அடிப்பா."

வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வெர்னா தன் காருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் அதை டிராயரில் வைக்கவில்லை. கொட்டகையில், பனி வாரும் மண்வெட்டிக்குப் பின்னால், பெயிண்ட் வாளிக்குள் வைத்தேன். வைத்து என்ன? ஒரு பல் வலித்தால் நாக்கு அங்கேயே போவது போல, சுவரைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, என் நினைப்பு வாளியிலேயே கிடந்தது. மாலையானதும் டிரக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பெட்ரோல் கடைக்குப் போனேன். அங்கே ஜன்னலோரம் ஒரு பெஞ்சு உண்டு. சோள ரொட்டியும் பீன்ஸும் வாங்கி, ஒவ்வொரு பீன்ஸாகச் சாப்பிட்டேன். கல்லாவில் நின்ற பெண் முதல் நாள் "இன்னும் காப்பி வேணுமா கண்ணு?" என்று கேட்டாள். அடுத்த நாள் கேட்காமலே ஊற்றினாள். தரை துடைக்கும் வாளியை அவள் உருட்டிக்கொண்டு வந்ததும் எழுந்துவிடுவேன். வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுத்தான் போயிருப்பேன். திரும்பி மேடு ஏறும்போது யாரோ வீட்டில் இருக்கிற மாதிரி தெரியும். கதவைத் திறக்கும் வரைக்கும் அது போதும்.

அதற்கடுத்த சனிக்கிழமை கோர்டி எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். அவனுடைய பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்தேன். பதிலுக்கு என்னுடையதைத் திருமணப் பரிசு மாதிரி துணியில் சுற்றி நீட்டினான். எண்ணெய் போட்டு மெருகேற்றியிருந்தான்.

"உள்ள இருக்கிற சின்னச் சாமான் எல்லாம் புதுசு. போன தடவை நீ சுட்ட உறையெல்லாம் பொறுக்கி வச்சிருந்தேன்ல? அதுல வெடிமருந்து அடைச்சு உனக்குத் தோட்டாவும் பண்ணிட்டேன். கடை விலையில மூணுல ஒரு பங்குகூட ஆகல. நூறு சுட்டுப் பாத்தேன் மெர்ல். ஒண்ணுகூட நிக்கல!"

"குடு, நான் பாக்கறேன்" என்றாள் வெர்னா. அவள் சுட, மேகசினில் இருந்த ஏழு குண்டும் சீராக வெளியே போயின. "ம்... இரும்புக்குன்னு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யுது. ஆனா தோள்பட்டை போச்சு. இந்தா."

நான் மறுபடி குண்டு நிரப்பிச் சுட்டேன். இரண்டாவது குண்டிலேயே உறை நட்டுக்கொண்டு நின்றது.

கோர்டியின் முகம் சுருங்கியது. எனக்கே பாவமாக இருந்தது. வெர்னா மட்டும் பிஸ்டலைப் பார்க்கவில்லை.

"துப்பாக்கில ஒண்ணும் இல்ல கோர்டி. கையைப் பாரு. நாப்பது வருஷமா சுடற மனுஷன் செத்த மீனைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறான்." அவள் குரல் பாதியில் மாறியது. "மெர்ல், ராத்திரி சாப்பிடறியா நீ?"

"சாப்பிடறேனே. பீன்ஸ்."

"வயசாகுதுடா உனக்கு!" கோர்டிக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "நில்லு. அசையாதே." பின்னால் வந்து நின்று, தன் இரண்டு கைகளாலும் என் கைகளைப் பொத்தி இறுக்கினான். ஆர்லீனின் அடக்கத்தன்று எல்லாரும் வரிசையில் நின்று கை குலுக்கினார்கள். அதற்குப் பிறகு என் கையை யாரும் இவ்வளவு நேரம் பிடித்திருக்கவில்லை. "இப்படி. இப்பச் சுடு."

மிச்சக் குண்டுகள் ஒன்றுகூட நிற்காமல் போயின. ஏமாற்ற முடியவில்லை, அவன் பிடி அப்படி.

"பாத்தியா?" பிஸ்டலைக் காலி செய்து, பெட்டியில் வைத்து, பெட்டியை என் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினான். "இனி நீ எந்த நேரத்துல எடுத்தாலும் இது உன்னைக் கைவிடாது. நான் உத்தரவாதம்."

நான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

வெர்னா அடுத்த வாரம் ஆப்பிள் ஜாம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கோர்டி மிச்சக் காப்பியைச் சரளைக்கல்லில் கொட்டினான். காலி உறைகளைக் குனிந்து குனிந்து பொறுக்கி டப்பாவில் போட்டான். நானும் பொறுக்கினேன். எவ்வளவு மெதுவாகப் பொறுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. பிறகு பொறுக்க எதுவும் இல்லை. பனி லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது.

"வரட்டுமாடா. வீட்ல ஷெர்லி கறி ரோஸ்ட் பண்றா, லேட்டானா எனக்குக் காஞ்ச துண்டுதான் கிடைக்கும்."

அவன் டிரக்கில் ஏறினான், என்ஜின் உறுமியது. இந்தப் பெட்டியோடு நான் வீட்டுக்குப் போனால் நாற்காலியை எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது. டிரக் பின்னால் நகரத் தொடங்கியது. நான் ஓடிப்போய் கண்ணாடியைத் தட்டினேன். முழங்கால் வலிக்கவே இல்லை.

கண்ணாடி இறங்கியது. "என்ன மறந்துட்டேன்?"

"கோர்டி, இது தானாச் சிக்கினதே இல்ல."

"என்னது?"

"ஸ்பிரிங், மேகசின், எதுலயும் கோளாறு இல்ல. நான்தான் கையைத் தளர்த்தினேன். மூணு வாரமா. வேணும்னே."

"எதுக்குடா? பைத்தியமா நீ?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். ரேடியோவில் யாரோ மான்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கையை நீட்டி அதை அணைத்தான். பிறகு என்ஜினையும் அணைத்தான். அவன் தொப்பியின் விளிம்பில் விழுந்த பனி கரைவதைப் பார்த்துக்கொண்டே நான் பெட்டியை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினேன்.

"இதை நீ எடுத்துட்டுப் போ. பனி உருகற வரைக்கும் உன் வீட்ல வச்சுக்கோ. பதிலுக்கு வேற எதையும் குடுக்காதே. நடுவுல நானே வந்து கேட்டாலும் குடுக்காதே, கோர்டி."